இருக்கக் கூடாத இடம்

பதுளை. இரவு ஒன்று பத்து.
கொழுந்துச் சாக்குகளின் மேல் படுத்தபடி
தோட்டத்து லொறியில் வந்திறங்கினாள்
செவனம்மா. மேற்கணக்கு. வயது ஐம்பத்தேழு.
கழற்ற வராத மூக்குத்தியோடு மல்லுக்கட்டியவளிடம்
"இருக்கட்டும்மா, அது வயித்துல இல்லையே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

மூன்று நாளாய் வலி.
தோட்டத்து டிஸ்பென்சரியில் "வாயு" என்றார்களாம்.
வெள்ளை மாத்திரை பத்து,
ஓமத்தண்ணீர் ஒரு போத்தல்.
மூன்றாம் நாளும் மலைக்குப் போயிருக்கிறாள்.
பதினொரு கிலோ.
அரைப்பேர்.

எங்கள் இயந்திரம் சிங்களத்தில்தான்
மூச்சுப் பிடிக்கச் சொல்லும்.
அந்தக் குரலை அணைத்துவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நானே சொன்னேன்:
மூச்ச இழுங்கம்மா.
அடக்குங்க.
அப்படியே.

விடுங்க.

திரையில் காற்று கறுப்பு.
நுரையீரலில் இருக்கலாம்.
குடலின் குழிக்குள் இருக்கலாம், எல்லோருக்கும் இருக்கிறது,
பெரியதுரைக்கும் இருக்கிறது.
குடலின் சுவருக்குள் இருக்கக் கூடாது.
இருந்தது.
மழைக்கு ஊறிய லயத்துச் சுவரில்
சுண்ணாம்பு உப்பி நிற்குமே,
அப்படி, குமிழிக்குப் பின் குமிழி.

படம் படமாய் மேலே ஏறினேன்.
ஈரலுக்குள் கறுப்புக் கிளைகள்.
பித்தக்குழாயில் என்றால் நடுவோடு நின்றுவிடும்.
இது ஓரம்வரை போயிருந்தது,
விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போதுதான் நின்றது.
கவ்வாத்து வெட்டிய தேயிலை என்று முதலில் நினைத்தேன்.
இல்லை. கவ்வாத்தில் நுனி மிஞ்சாது.
இதில் நுனிகள்தான் அதிகம்.

இதற்கு முன் ஐந்து பேரிடம் பார்த்திருக்கிறேன்.
ஒருவர் தபால்காரர், பழைய இழுப்புக்காரர்.
காற்றோடு வந்தார், காற்றோடு நடந்து வீடு போனார்.
ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.
மற்ற நால்வர் விஷயத்தில்
படம் சொன்னது சரி.

கண்டியில் நித்திரை கலைந்த டொக்டர் உடவத்த
தொலைபேசியில் வெகுநேரம் மூச்சு மட்டும் விட்டார்.
பிறகு, குடல் செத்துக்கொண்டிருக்கிறது,
கத்திக்காரரை எழுப்பு, என்றார்.

எழுந்து வந்தவரின் தமிழ்
"வலிக்குதா"வோடு முடிந்துவிடும்.
மருமகளிடம் பேச என்னைக் கூப்பிட்டார்கள்.
லோகசுந்தரி. கையில் மாமியாரின் செருப்பு.
"ரத்தம் போகாம குடல் அழுகிக்கிட்டிருக்கு.
நரம்புக்குள்ள காத்து ஏறியிருக்கு."
"காத்தா?
எந்தக் காத்து அண்ணே?
செவ்வாக்கிழமை உச்சிநேரம்
சுடுகாட்டு மலையிலதான் கொழுந்தெடுத்தாங்க."

வேறு சொல் தேடினேன்.
வாயு என்றால் வெள்ளை மாத்திரை.
காத்து என்றால் பேய்.
வளி என்றால் ஆறாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம்.
பன்னிரண்டு வருடம் இந்தப் படங்களை எடுக்கிறேன்,
இதற்கு என்னிடம் தமிழில் ஒரு சொல் இல்லை.
"வெளிய இருந்து வரல தங்கச்சி.
உடம்புக்குள்ளயே பொறந்த காத்து."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
வெளியிலிருந்து வராததை
விரட்டவும் முடியாது என்று
அவளுக்கு விளங்கிவிட்டது.
செருப்பைக் கீழே வைக்கவில்லை.

மூன்று மணிக்கு வயிற்றைத் திறந்தார்கள்.
திறந்து பார்த்து உடனே மூடினால் கெட்டது.
நான்கு மணிக்கும் மூடவில்லை.
ஐந்துக்கும் இல்லை.
அதை நல்ல செய்தி என்று லோகசுந்தரியிடம் சொல்ல
எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்தரைக்கு அடுத்த ஆள்,
ஹாலிஎலப் பக்கம் ஓட்டோ பிரண்ட பையன்.
தலைதான்.
தலைக்கு மூச்சடக்கத் தேவையில்லை.
பழக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது:
அடக்குங்க.

அவன் அடக்கினான்.

கூரையில் பனி சொட்டும் சத்தம்.
விடுங்க என்று சொல்ல
ஒரு கணம் பிந்திவிட்டேன்.